கணினியின் நாட்காட்டி எந்த ஆண்டு வரை ஓடும்?

தங்கை மகளுக்கு 2018 மார்ச் மாதம் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கினோம். தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டுகள் கழித்து அது முதிரும். அதாவது 2039 மார்ச். வீட்டில் எல்லோரும் அப்போது பிள்ளைக்கு என்ன வயது ஆகியிருக்கும், எவ்வளவு தொகை கையில் வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்த ஆண்டிலேயே மனம் நின்றுவிட்டது. நிரல் எழுதிப் பிழைக்கிறவன் நான். 2038 ஜனவரியைத் தாண்டிய தேதி எதைப் பார்த்தாலும் ஒரு கணம் தயங்குவது எங்கள் தொழிலில் படிந்துபோன பழக்கம்.

என்ன தயக்கம் என்று தங்கை கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். கணினியைப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும், நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நம் கண்ணுக்குத் தெரிவது நாள், மாதம், ஆண்டு. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் உள்ளே வைத்திருப்பதோ ஒரே ஓர் எண். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழியில் வந்தவை, அதாவது லினக்ஸ், ஆண்ட்ராய்டு, இன்றைய மேக், ஐபோன் எல்லாமே, 1970 ஜனவரி 1 அன்று உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் தொடங்கி எத்தனை நொடிகள் கடந்துள்ளன என்று எண்ணிக்கொண்டே போகின்றன. அந்தக் கணக்கில் 2026 பிறந்தபோது இருந்த எண் 176 கோடியே 72 இலட்சத்து 25 ஆயிரத்து 600. இதைத் தேதியாக மாற்றித் திரையில் காட்டுவது வகுத்தலும் மீதி பார்ப்பதும்தான். இந்த முறையில் பெரிய வசதி ஒன்று உண்டு. இரண்டு நிகழ்வுகளுக்கு இடையே எவ்வளவு நேரம் போனது என்று அறிய ஒரு கழித்தல் போதும். பிப்ரவரிக்கு எத்தனை நாள், இது லீப் ஆண்டா என்ற கவலை எதுவும் இல்லை.

ஆனால் எண்ணை எழுதி வைக்க இடம் வேண்டும். நெடுங்காலம் அதற்கு ஒதுக்கப்பட்டிருந்த இடம் 32 பிட். ஒன்று அல்லது சுழியம் மட்டும் எழுதக்கூடிய 32 கட்டங்கள் வரிசையாக இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 1970க்கு முந்தைய தேதிகளும் வேண்டுமே என்பதற்காக முதல் கட்டத்தைக் கூட்டல், கழித்தல் குறிக்கு விட்டுவிட்டார்கள். மீதி 31 கட்டங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647. அத்தனை நொடிகளும் முடிகிற கணம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் அப்போது காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி காட்டும்.

அதற்கு அடுத்த நொடியில் 31 கட்டங்களும் சுழியமாகி, மிகுந்த ஒன்று குறிக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். கணினிக்கு அது கழித்தல் குறி. எண் ஒரே தாவலில் கழித்தல் 214 கோடிக்குப் போய்விடும். அதைத் தேதியாக மாற்றினால் உலகப் பொது நேரப்படி 1901 டிசம்பர் 13. நூற்றாண்டு கடந்து பின்னால் விழுந்தது கணினிக்குத் தெரியாது. அதன் கணக்குப்படி எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது.

இந்தச் சிக்கல் நமக்குப் புதியதன்று. பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுப் பெயர்களை வைத்திருக்கிறோம். அட்சய முடிந்ததும் மறுபடி பிரபவ வந்துவிடும். ‘பிரபவ ஆண்டு பிறந்தவர்’ என்று மட்டும் ஒரு குறிப்பு இருந்தால், அவர் 1987இல் பிறந்தவரா, 1927இல் பிறந்தவரா என்று அந்தச் சொல் நமக்குச் சொல்லாது. ஆளைப் பார்த்தோ உடனிருக்கும் வேறு குறிப்பை வைத்தோ முடிவு செய்கிறோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களும் இப்படித்தான். 1980 ஜனவரி 6 முதல் வாரங்களை எண்ணி, 1,024 வாரம் ஆனதும் சுழியத்துக்குத் திரும்புமாறு அவற்றின் சமிக்ஞையை அமைத்தார்கள். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அந்தச் சுற்று முடிந்தது. அடுத்தது 2038 நவம்பரில் முடியும். எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதை, சமிக்ஞையைப் பெறும் கருவிதான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சரி, 32 பிட் போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு முன்யோசனை இல்லையா? இந்தக் கேள்வியைப் பலர் சற்று ஏளனமாகவே கேட்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 1971இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, முதல் பதிப்பு நொடிகளை எண்ணவே இல்லை. நொடியின் அறுபதில் ஒரு பங்கை எண்ணியது. அந்த ஊர் மின்சாரம் நொடிக்கு அறுபது முறை துடிக்கும். கணினியின் கடிகாரம் அந்தத் துடிப்பையே பிடித்துக்கொண்டு ஓடியது. தொடக்க நாள் 1971 ஜனவரி 1. அந்த வேகத்தில் எண்ணினால் 32 கட்டங்கள் இரண்டேகால் ஆண்டில் நிரம்பிவிடும். அன்றைய கையேட்டிலேயே குறைகள் என்ற தலைப்பின்கீழ் அதை ஒளிவில்லாமல் எழுதி வைத்திருந்தார்கள். இடம் தீரத் தீரத் தொடக்க நாளை முன்னால் நகர்த்திப் பார்த்தார்கள். பிறகுதான் முழு நொடியை எண்ணுவது, 1970இலிருந்து தொடங்குவது என்று நிலைப்படுத்தினார்கள்.

இரண்டேகால் ஆண்டு தாங்கிய ஒன்றை அறுபத்தெட்டு ஆண்டு தாங்கச் செய்த மாற்றம் அது. அவர்கள் வேலை செய்த பிடிபி-11 கணினியில் ஒரு சொல்லின் நீளமே 16 பிட். நேரத்துக்காக இரண்டு சொற்களை ஒதுக்கியதே தாராளம். அவர்கள் எழுதியது அரை நூற்றாண்டைத் தாண்டி உலகெங்கும் ஓடும் என்று அந்த அறையில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்றைய நிலைக்கு வருவோம். இப்போது விற்கும் மடிக்கணினிகளிலும் பெரும்பாலான கைப்பேசிகளிலும் நேரத்தை வைக்க 64 பிட் இருக்கிறது. கட்டங்கள் இரட்டிப்பானால் காலம் இரட்டிப்பாகும் என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு கட்டம் கூடும்போதும் அளவு இரட்டிக்கிறது. 32 கட்டங்கள் கூடினால் 32 முறை இரட்டிக்கிறது. ஆகவே 64 பிட்டில் நொடிகளை எண்ணினால் சுமார் 29,200 கோடி ஆண்டுகள் வரை எண்ணலாம். பிரபஞ்சத்தின் வயதே ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள்தான்.

இந்த எண்ணைக் கேட்டதும் ‘அப்படியானால் சிக்கல் தீர்ந்தது’ என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். நான் உட்காரச் சொல்வேன். தேதி ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. கடிகாரச் சில்லு, இயங்குதளத்தின் மையமான கெர்னல், வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமை, தரவுத்தளம், அதற்கு மேல் ஓடும் மென்பொருள் என்று கை மாறி மாறிப் போகிறது. அண்டா நிறையத் தண்ணீர் இருந்தாலும் நடுவில் ஒருவர் கையில் ஆழாக்குத்தான் இருக்கிறது என்றால், கடைசியில் இருப்பவருக்கு ஆழாக்குத் தண்ணீர்தான் வந்து சேரும்.

லினக்ஸையே எடுத்துக்கொள்வோம். பழைய மடிக்கணினி ஒன்றில் 64 பிட் லினக்ஸை நிறுவி இதைச் சோதித்துப் பார்த்தேன். 2040 என்று தேதி வைத்தேன், ஏற்றுக்கொண்டது. 2200, அதையும் ஏற்றுக்கொண்டது. 2233 என்று கொடுத்ததும் மறுத்துவிட்டது. 29,200 கோடி ஆண்டு எங்கே போயிற்று? கெர்னல் தன் உள்வேலைக்கு நொடியை எண்ணுவதில்லை. நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கான நானோநொடியை எண்ணுகிறது. அவ்வளவு பொடியாக எண்ணினால் 64 பிட்டும் 292 ஆண்டுகளில் நிரம்பிவிடும். 1970உடன் 292ஐக் கூட்டினால் 2262. கணினி அணைக்கப்படாமல் முப்பது ஆண்டுகள் தொடர்ந்து ஓடினாலும் அந்த எல்லையை முட்டக் கூடாது என்பதற்காக, 2232க்கு மேல் கடிகாரத்தைத் திருப்பவே விடாமல் தடுத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. தன்னால் எது முடியாது என்று தெரிந்து, தவறான தேதியைக் காட்டாமல் முடியாது என்று சொல்லிவிடுகிறது. தேதி விஷயத்தில் ஓர் இயங்குதளத்திடம் நான் முதலில் எதிர்பார்ப்பது இந்த நேர்மையைத்தான்.

அதே சோதனையில் இன்னொன்றையும் கண்டேன். 2040இல் கடிகாரத்தை வைத்துவிட்டு உலாவியைத் திறந்தால் ஓர் இணையதளம்கூடத் திறக்கவில்லை. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குக் காலவரையறை உண்டு. உலாவியின் கண்ணில் அவை எல்லாம் என்றோ காலாவதியானவை. பிழை ஏதும் இல்லாமலே இப்படி நடக்கும் என்பதால், அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

கெர்னலைத் தாண்டினால் கோப்பு முறைமை. லினக்ஸில் பரவலாக இருக்கும் எக்ஸ்ட்4, கோப்பின் தேதியை 2446 வரை எழுதும். ஆனால் கோப்பு ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 128 பைட் மட்டும் ஒதுக்கிய பழைய வடிவில் வட்டு அமைக்கப்பட்டிருந்தால் எல்லை 2038தான். கெர்னல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அது மாறாது. லினக்ஸின் இன்னொரு கோப்பு முறைமையான எக்ஸ்எஃப்எஸுக்கும் 2038தான் எல்லையாக இருந்தது. 2020இல் வந்த மாற்றம் அதை 2486 வரை நீட்டியது.

விண்டோஸ் வேறு வழியில் போயிற்று. அதன் தொடக்க நாள் 1601 ஜனவரி 1. எண்ணும் அலகு ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு. ஏன் 1601? நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டி 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை அச்சாகத் திரும்பும். 400 ஆண்டுகளில் 1,46,097 நாட்கள். அது ஏழால் மீதியின்றி வகுபடும். ஆகவே கிழமைகள்கூட மாறாது. 2026 நாட்காட்டியை 2426இல் சுவரில் மாட்டலாம். இன்றைய விண்டோஸின் மூலமான விண்டோஸ் என்டியை வடிவமைத்தபோது நடந்துகொண்டிருந்த 400 ஆண்டுச் சுற்றின் முதல் நாள் 1601இல் வருகிறது. இந்தக் கணக்கு 30827ஆம் ஆண்டு வரை தாங்கும். அதே விண்டோஸில் பென் டிரைவைச் செருகினால் கதை மாறிவிடும். பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் இருக்கும் ஃபேட் முறைமையில் ஆண்டுக்கு ஏழு பிட்தான் இடம். 1980இலிருந்து 127 ஆண்டுகள். 2107 டிசம்பர் 31 கடைசி நாள். பழைய மேக் கணினிகள் 1904இலிருந்து எண்ணியதால் அவற்றின் கணக்கு 2040 பிப்ரவரியில் முடிகிறது.

கணினியை அணைத்த பிறகும் சிறு பேட்டரியில் ஓடும் கடிகாரச் சில்லு இன்னும் சிறிய பாத்திரம். பல சில்லுகளில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே இருக்கும். நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு என்பதே அவற்றுக்குத் தெரிந்த விதி. 2100 நான்கால் வகுபட்டாலும் லீப் ஆண்டு இல்லை. நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத ஆண்டு அது. அந்த ஆண்டு பிப்ரவரி 28க்கு மறுநாள் இந்தச் சில்லுகள் 29 என்று காட்டும். இயங்குதளம் கண்டுபிடித்துத் திருத்தினால்தான் உண்டு.

எதிர்காலத் தேதியின் சிக்கல் அந்த எதிர்காலம் வரும்வரை காத்திருக்கும் என்று நினைக்கக் கூடாது. ஏஓஎல் நிறுவனத்தின் இணைய வழங்கி மென்பொருளில், தரவுத்தள வேண்டுகோள் ஒருபோதும் காலாவதியாகக் கூடாது என்பதற்காக நூறு கோடி நொடிகள் என்று கெடு வைத்திருந்தார்கள். அது ஏறக்குறைய முப்பத்தொன்றரை ஆண்டுக்கு மேல். எப்போதும் என்று சொல்வதற்குச் சமம். 2006 மே 12 இரவு, அமெரிக்கக் கிழக்கு நேரம் 9 மணி 27 நிமிடத்துக்கு, அன்றைய நேரத்தோடு நூறு கோடியைக் கூட்டினால் 2038 எல்லையைத் தாண்டியது. கெடு கடந்த நூற்றாண்டுக்குப் போய்விட்டது. தொடங்கும் முன்பே எல்லா வேண்டுகோளும் காலாவதி. 2038 வருவதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே 2038 சிக்கல் வந்து சேர்ந்த நிகழ்ச்சி இது. 2039இல் முதிரும் கணக்கைப் பார்த்து நான் ஏன் தயங்கினேன் என்று இப்போது புரியும். வீட்டுக்கடன், ஓய்வூதியம், ஆயுள் காப்பீடு என்று நீண்ட காலத்தைக் கையாளும் மென்பொருள்கள் எல்லாம் ஏற்கெனவே 2038க்கு அப்பால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

அதேபோல, இயங்குதளம் சரியாக இருந்தும் மேலே ஓடும் மென்பொருள் கெடுத்ததற்கு எடுத்துக்காட்டு 2022 ஜனவரி 1. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் வழங்கியின் தீநிரல் சோதனைப் பகுதி, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதம், நாள், பின்னால் மேலும் நான்கு இலக்கம் என்று ஒட்டித் தேதியை ஓர் எண்ணாக எழுதி வந்தது. 2021இல் அந்த எண் 21 என்று தொடங்கியது. 32 பிட்டுக்குள் அடங்கியது. புத்தாண்டு அன்று 2201010001 ஆனது. 214 கோடியில் முடியும் இடத்தில் 220 கோடியை எழுத முடியாமல் அஞ்சல்கள் வரிசையில் தேங்கி நின்றன. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் அட்டவணையில் ‘டைம்ஸ்டாம்ப்’ வகைப் பத்திக்கு (column) இன்றும் 2038 ஜனவரி 19தான் எல்லை. அதே தரவுத்தளத்தின் ‘டேட்டைம்’ வகை 9999 வரை ஏற்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நிரலாளர் கையில்.

திருத்தும் வேலை நடக்கிறது. 32 பிட் கருவிகளும் 2038ஐத் தாண்டுவதற்கான அடித்தளம் 2020இல் லினக்ஸ் 5.6 கெர்னலோடு வந்தது. யூனிக்ஸ் வழியில் வந்த இன்னோர் இயங்குதளமான ஓபன்பிஎஸ்டி அதற்கும் முன்பே, 2014இல், தன் எல்லாக் கணினி வகைகளுக்கும் நேரத்தை 64 பிட் ஆக்கிவிட்டது. பழைய நிரல்கள் ஓடாமல் போகும் என்று தெரிந்தே அதைச் செய்தார்கள். லினக்ஸின் வெளியீடுகளில் ஒன்றான டெபியன் 2024இல், ஏஆர்எம் வகைச் சில்லில் ஓடும் 32 பிட் கருவிகளுக்கான மென்பொருள் தொகுப்புகளை 64 பிட் நேரத்துக்கு மாற்றியது. நேரத்தைத் தொடும் நூலகங்கள், அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் பகுதிகள், எல்லாம் ஒன்றாக மாற வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் ஒன்றின் எண்ணை மற்றொன்று தவறாகப் படித்துவிடும். பழைய இன்டெல் 32 பிட் வகையை மட்டும் மாற்றாமல் விட்டார்கள், ஏனென்றால் அதை வைத்திருப்பவர்கள் பழைய நிரல்களை ஓட்டுவதற்காகவே வைத்திருக்கிறார்கள். எனக்குக் கவலை கணினிகளைப் பற்றி இல்லை. ஆலைகளிலும் கட்டடங்களிலும் பொருத்தியபின் இருபது, முப்பது ஆண்டுகள் யாரும் திறந்து பார்க்காத சிறு கருவிகளைப் பற்றித்தான்.

கட்டங்கள் எவ்வளவு இருந்தாலும் தீராத பகுதி ஒன்று உண்டு. அது மனிதர்கள் கையில் இருக்கிறது. இலங்கையில் 1996 மே மாதம் மின்பற்றாக்குறையால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி நேரம் பின்னால் இழுத்தார்கள். அந்த நிலை பத்தாண்டுக்கு நெருக்கமாக நீடித்தது. 2006 சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், ஏப்ரல் 15 அன்று, மீண்டும் அரை மணி நேரம் பின்னால் வந்து இந்திய நேரத்தோடு ஒன்றானார்கள்.

கொழும்பில் ஒருவர் 2005இல் தன் கணினியில், அடுத்த ஆண்டு மே மாதம் காலை 9 மணிக்கு முகூர்த்தம் என்று குறித்து வைத்ததாக வைத்துக்கொள்வோம். மென்பொருள் அன்றைய வழக்கப்படி அதை நொடிகளாக மாற்றிச் சேமித்திருக்கும். ஏப்ரலில் நாட்டின் நேரம் மாறியதும், அதே நொடி எண் 8.30 என்று திரும்பி வரும். எண்ணில் பிழை இல்லை, கட்டங்கள் நிரம்பவில்லை. ஆனால் முகூர்த்தம் அரை மணி நேரம் தவறிவிட்டது. பசிபிக் தீவு நாடான சமோவா 2011இல் நாள் எல்லைக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது, அங்கே டிசம்பர் 30 என்ற நாளே இல்லாமல் போயிற்று. அந்தத் தேதியில் எதையாவது குறித்து வைத்திருந்தவருக்கு எந்த இயங்குதளம் என்ன பதில் சொல்லும்?

பூமி சுழலும் வேகமும் சீராக இல்லை. அதற்கு ஈடுகட்ட 1972 முதல் இதுவரை 27 லீப் நொடிகளைச் சேர்த்திருக்கிறார்கள்; கடைசியாகச் சேர்த்தது 2016 இறுதியில். யூனிக்ஸ் கணக்கு இவற்றை எண்ணுவதில்லை. 2035க்குள் இந்த வழக்கத்தைக் கைவிடுவது என்று 2022இல் எடைகள், அளவுகளுக்கான பொது மாநாட்டில் முடிவெடுத்திருக்கிறார்கள். ஆக, நூறு ஆண்டு கழித்து வரும் ஒரு காலை 9 மணிக்குச் சரியான நொடி எண் எது என்பது இன்று யாராலும் உறுதியாகச் சொல்லக்கூடியதாக இல்லை.

ஆகவே நடந்து முடிந்ததைப் பதிவு செய்ய நொடி எண் மிகச் சிறந்தது; நடக்கப்போவதற்கு அதை நான் பயன்படுத்துவதில்லை. ஆண்டு, மாதம், நாள், மணி, எந்த ஊர் என்று மனிதர் சொல்கிறபடியே எழுதி வைத்துவிட்டு, அந்த நாள் நெருங்கும்போது அன்றைய விதிப்படி நொடிகளாக மாற்றிக்கொள்கிறேன். தங்கை மகளின் கணக்கைப் போல நாள் மட்டுமே முக்கியம் என்றால் மணியும் ஊரும்கூடத் தேவையில்லை. எங்கள் அலுவலகத்தில் யாராவது தரவுத்தளத்தில் புதிதாகத் தேதிக்கு ஒரு பத்தி சேர்க்கும்போது, 2039 மார்ச் மாதத்தில் ஒரு நாளை அதில் போட்டுச் சேமித்து, திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். பிறகு 2100 பிப்ரவரி 29ஐப் போடச் சொல்கிறேன். அதை ஏற்காமல் மறுத்தால்தான் அடுத்த வேலைக்குப் போகிறோம்.